குழந்தைக்குக் கொடுத்தது வைரஸ் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2025இல் ஒரு கைக்குழந்தைக்கு அளித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் மருந்தை வைரஸ் மூலம் செலுத்தியதாக ஒரு வரி வருகிறது. அது தவறு. கொழுப்பு நுண்துகளுக்குள் வைத்துத்தான் கொடுத்தார்கள். ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகளில் இருந்ததும் இதே வகைத் துகள்தான்.

இதைச் சின்னப் பிழை என்று விட முடியவில்லை. அதே பிலடெல்பியாவில் 1999இல், கல்லீரலால் அம்மோனியாவை யூரியாவாக்க முடியாத, இந்தக் குழந்தைக்கு இருந்த அதே வகைக் கோளாறுக்காக, ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞருக்கு அடினோவைரஸில் மரபணுவை ஏற்றிச் செலுத்தினார்கள். உடம்பின் எதிர்ப்பு மூர்க்கமாகக் கிளம்பி, நான்காம் நாள் இறந்துபோனார். வைரஸில் இன்னொரு தொல்லை: முதல் ஊசியிலேயே எதிர்ப்புப் பொருள் உருவாகிவிடும், மறுமுறை பெரும்பாலும் எடுபடாது. கொழுப்புத் துகள் என்பதால்தான் இந்தக் குழந்தைக்குக் குறைந்த அளவில் தொடங்கி, பிறகு கூட்டி, மூன்று முறை கொடுக்க முடிந்தது.

நான் திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செல் வளர்ப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான டிஎன்ஏவைச் செல்லுக்குள் புகுத்த, அதையும் கொழுப்புத் திரவத்தையும் கலந்து, இருபது நிமிடம் வைத்திருந்து, தட்டில் வளரும் செல்கள்மேல் சொட்டுச் சொட்டாக விடுவோம். சரியாக அமைந்தால் மறுநாள் நுண்ணோக்கியில் செல்கள் பச்சையாக ஒளிரும். கொழுப்பு கொஞ்சம் கூடினாலும் போச்சு, செல்கள் உருண்டு தட்டைவிட்டு மிதக்கும். 1987இல் அமெரிக்க விஞ்ஞானி ஃபெல்க்னரின் குழு காட்டிய இந்த முறையில் கொழுப்புக்கு எப்போதும் நேர்மின்சுமை உண்டு. டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்வதும் அதனால்தான், செல்லை நோகடிப்பதும் அதனால்தான். இப்போதைய மருந்துகளில் உள்ள கொழுப்பு இரத்தத்தில் மின்சுமை இல்லாமல் சாதுவாகப் போகும். செல் அதை விழுங்கியபின், உள்ளே இருக்கும் அமிலப் பையில்தான் சுமை ஏறும். அப்போது பையை உடைத்துச் சரக்கை வெளியே விடும். அப்படியும் பெரும்பகுதி பையிலேயே சிக்கி வீணாகிறது.

கட்டுரையோ, இனி எல்லா மரபணு நோய்களுக்கும் விடிவு என்று முடிகிறது. இந்தத் துகள் இரத்தத்தில் இறங்கியதும் அப்போ-இ என்ற புரதம் அதன்மேல் ஒட்டும். கொலஸ்ட்ராலை எடுப்பதுபோலவே கல்லீரல் இதையும் இழுத்துக்கொள்ளும். கல்லீரல் நோய்க்கு வசதிதான். தசைக்கும் மூளைக்கும் இதே துகளை நம்பகமாகக் கொண்டுசேர்க்க இன்னும் வழி கைகூடவில்லை. எங்கள் தெருவில் தசைச்சிதைவு நோயுள்ள பையனின் அம்மா உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துவந்து, "இதுக்கு மெட்ராஸ்ல எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். திருத்தம் வெளியிடும்போது, இப்போதைக்கு இது எந்த உறுப்புக்கு எட்டும், எதற்கு எட்டாது என்பதையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருவானைக்காவல், திருச்சி