அந்த இரவு டியூட்டி நர்ஸ் அக்காவுக்கு நன்றி

எனக்கு முதல் பிரசவம் சிசேரியன். அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற ஆசைப்பட்டபோது, பயமுறுத்தியவர்கள்தான் அதிகம். டாக்டர் பழைய ஆபரேஷன் குறிப்பைப் பார்த்து, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்ட வெட்டுதான், முயற்சி செய்யலாம் என்றார். சரி என்று துணிந்துவிட்டேன். ஆனால் லேபர் ரூமில் அந்தத் துணிச்சலைத் தாங்கிப் பிடித்தது நீங்கள்தான் அக்கா.

வலி ஏற ஏற, “தையல் பிரிஞ்சிடுமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு தடவைகூட நீங்கள் சலித்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி வெட்டில் அது 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நடக்கும், அதற்காகத்தான் குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கவனிக்கிறோம் என்று சொல்லி, மானிட்டரை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நான் புரளும்போதெல்லாம் வயிற்றில் நழுவிய பெல்ட்டைப் பொறுமையாக இழுத்துக் கட்டினீர்கள். வலி விட்ட நேரத்திலும் தழும்புப் பக்கம் வலிக்கிறதா என்று விசாரித்தீர்கள்.

“முயற்சி பண்றவங்கள்ல 100க்கு 60லிருந்து 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகுதும்மா. ஆகலேன்னா தியேட்டர் ரெடியா இருக்கு, அதுவும் பிரசவம்தான்” என்றீர்களே, அதைக் கேட்ட பிறகுதான் என் உடம்பே தளர்ந்தது. எத்தனை தாய்மார்களுக்கு இப்படி உண்மையைச் சொல்லித் தைரியம் கொடுக்க ஆள் கிடைக்கிறது!

ஷிப்ட் முடிந்தும் தலை தெரியும்வரை நின்றீர்கள். அப்புறம் உங்கள் பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். மகளும் நானும் நலம். ரொம்ப ரொம்ப நன்றி அக்கா.