செயலாளரின் ஆண்டறிக்கை (2024–2025)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும், மறைந்த வீரர்களின் துணைவியருக்கும் என் வணக்கம்.

குடியரசு நாள், விடுதலை நாள், டிசம்பர் 7 கொடிநாள் ஆகியவை வழக்கம்போல் கொண்டாடப்பட்டன. செயற்குழு முறையாகக் கூடியது.

இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி ஊன ஓய்வூதிய மனுக்களுக்கே சென்றது. மெடிக்கல் போர்டு தாளில் ‘நோய் பணியால் ஏற்பட்டதன்று, பணியால் மிகுந்ததுமன்று’ என்று ஓய்வூதியத்தை மறுக்கும் வரியைக் கண்டதும் நம்மவர் பலர் அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் சேர்க்கையின்போது நோய் எதுவும் குறிக்கப்படாதவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்றும், பின்னர் வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்புண்டு என்று மெய்ப்பிக்கும் சுமை வீரர்மேல் இல்லை என்றும் தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 2023 செப்டம்பர் 21 முதல் ஊன ஓய்வூதியத்திற்குப் புதிய விதிகள் நடப்பில் உள்ளதால், அதன்பின் ஓய்வு பெற்றவர்களின் மனுக்களைத் தனியே ஆராய வேண்டும்.

பீரங்கிப் படையில் பணியாற்றிய உறுப்பினர் ஒருவரின் செவிக்குறைவை ‘உடல்வாகால் வந்தது’ என்று சொல்லி மறுத்திருந்தார்கள். அவருடைய சேர்க்கை மருத்துவத் தாளின் நகல் மங்கியிருந்தாலும், இரு காதுகளும் இயல்பாக உள்ளன என்ற பதிவைப் படிக்க முடிந்தது. அதனுடன் யூனிட் வாரியான பணி விவரத்தையும் இணைத்து முதல் மேல்முறையீடு அனுப்பியுள்ளோம். அது மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீடும், அதன்பின் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் உண்டு. பணியால் வந்ததென ஏற்கப்பட்ட 20 விழுக்காட்டு ஊனம் 50 விழுக்காடாக உயர்த்திக் கணக்கிடப்படுவது, உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவ்தார் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

மனம் வருந்தி ஒன்றைச் சொல்கிறேன். மனு எழுதும் நாளில் வந்து அமர்ந்தவர்கள், நிலுவைத் தொகை வங்கியில் ஏறிய பிறகு கூட்டத்திற்கு வருவதில்லை, சந்தாவும் தருவதில்லை. தபால், நகல், வழக்கறிஞர் ஆலோசனை ஆகியவற்றின் செலவைச் சிலரே ஏற்கிறோம். பயன் பெற்றவர்கள் வந்து தம் கோப்பைக் காட்டி விளக்கினாலே, அடுத்தவருக்கு அது பெரிய வழிகாட்டுதலாக இருக்கும்.

வரவுக்குள் செலவு அடங்கியது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், கூட்டத்திற்கு இடமளித்த பள்ளி நிர்வாகத்தினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இப்பணி தொடர வேண்டுமானால், ஆங்கில மருத்துவத் தாள்களைப் படிக்கவும் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தைக் கையாளவும் தெரிந்த இளைய உறுப்பினர் இருவராவது உடனிருக்க வேண்டும். என் கண்பார்வையும் முன்போல் இல்லை. முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கலாம். சந்தா நிலுவையை இன்றே பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெறலாம்.

இங்ஙனம்,
செயலாளர்