சித்தப்பாவின் கெண்டைக்கால்

யாங்கூன்

மச்சான்,

சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நிமோனியா போய்விட்டது, நெஞ்சில் சளி இல்லை, ஆனால் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை, லுங்கி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல். போன மாதம்வரை அனவ்ரட்டா ரோட்டுக் காளி கோயிலுக்கு நடந்தே போய்வந்த மனுஷனுக்கு அதற்குள் என்ன வயசாகிவிட்டது? ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்ததில் கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குப் பக்கமாகச் சதை கரைந்ததாம், 2007இல் அமெரிக்காவில் செய்த ஆய்வு. அவர்களுக்காவது நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்தது. இவருக்குக் காய்ச்சல், வாய் வேறு கசப்பு. காய்ச்சலில் உடம்பு தனக்கு வேண்டிய புரதத்தைச் சதையிலிருந்தே உருவிக்கொள்ளும்.

வார்டில் சாப்பாடு நம் பொறுப்பு, உனக்குத் தெரியாததா. சித்தி கேரியரில் கொண்டுபோனது கஞ்சி, கஞ்சி, மறுபடி கஞ்சி. முட்டை சூடு, மீன் ஆகாது, பருப்பு வாயு என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். "அதான் குளுக்கோஸ் ஏறுதே" என்று ஒரு சமாதானம் வேறு! அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிகூடத் தேறுமோ என்னவோ, புரதம் சுத்தமாகக் கிடையாது. சித்தப்பா எடை 110 பவுண்ட், அதாவது 50 கிலோ. நோயில் கிடக்கும் முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் அவருக்கு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு கிண்ணம் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் இருந்தால் பெரிசு. நீயே கணக்குப் போட்டுக்கொள்.

கால் மட்டும்தான் என்றால்கூடப் பரவாயில்லை. இருமவும் விழுங்கவும் சதைதானே வேண்டும், அது தளர்ந்தால் சளி வெளியே வராது, புரையேறும், திரும்பவும் நிமோனியாதான். சுவிட்சர்லாந்தில் 2019இல் வெளியான ஆய்வில், சத்துக் குறைந்த நோயாளிகளுக்கு ஆளுக்கேற்றபடி திட்டம் போட்டுச் சாப்பாடு கொடுத்ததில் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து ஏழாகக் குறைந்திருக்கிறார்கள். வெறும் சோறு செய்த வேலை!

இப்போது அவித்த பட்டாணி, மீன் குழம்பு, இரண்டு முட்டை, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுகிறார், முனகிக்கொண்டேதான்.

சரி, அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? அதற்கு முன்னாலேயே எடை பார்த்து எழுதி வை. இரண்டு கை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி அவர் கெண்டைக்காலின் தடித்த இடத்தில் வைத்துப் பார், ஜப்பான்காரர்கள் சொன்ன வழி, வளையம் தொளதொள என்று நின்றால் சதை குறைந்திருக்கலாம், டாக்டரிடம் சொல்லிவிடு. கால் வீங்கியிருந்தால் இது ஏமாற்றும். கிட்னி ரிப்போர்ட்டையும் காட்டிக் கேட்டுக்கொண்டு அப்புறம் புரதத்தைக் கூட்டு. வியாசர்பாடியில் மீனுக்கா பஞ்சம்? தேதி தெரிந்ததும் எழுது.