எருசலேமுக்குப் புறப்படும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் உன் அறைத்தோழியும் எருசலேம் போக நினைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அந்த நாட்டு நிலைமையைப் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் சபையாரோடு பரிசுத்த நாட்டுப் பயணம் போனபோது, மூன்று மதத்தாரும் இங்கே சகோதரர்களாக வாழ்கிறார்கள் என்று வழிகாட்டி பேருந்தில் சொன்னார். அது எனக்கு ஒப்பவில்லை. அங்கே நான் கண்டது ஒரு பாகப்பிரிவினை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் அந்த ஊர் உனக்கு நன்றாக விளங்கும்.

பழைய நகரம் முழுவதும் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சுற்றியுள்ள மதில் 16ஆம் நூற்றாண்டில் துருக்கிய ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. ஏரோது மன்னன் விரிவுபடுத்திய யூதர்களின் தேவாலயத்தை ரோமர்கள் கி.பி. 70இல் இடித்தபின், அதன் மேடையைத் தாங்கிய மேற்குச் சுவர் மட்டும் யூதர்கள் அணுகி ஜெபிக்கும் இடமாக நிலைத்தது. அதே மேடையின் மேல்தான், அல்-அக்ஸா பள்ளிவாசலும், 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலீஃபா அப்துல் மலிக் எழுப்பிய பொற்குவிமாடமும் நிற்கின்றன. கீழே ஒருவர் தொழும் சுவரே மேலே மற்றொருவர் தொழும் முற்றத்தைத் தாங்குகிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் கிறிஸ்துவின் கல்லறை ஆலயம்.

அந்த ஆலயத்துக்கு அரை நாளாவது ஒதுக்கு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் எழும்பி, 1009இல் இடிக்கப்பட்டு, சிலுவைப்போர் வீரர்களால் மீண்டும் பெரிதாகக் கட்டப்பட்ட கட்டடம் அது. கிரேக்கர், இலத்தீன் கத்தோலிக்கர், அர்மீனியர், எகிப்தியக் காப்டிக்கர், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு சபையாருக்கு அதில் உரிமை உண்டு. யாருக்கு எந்தத் தூண், எந்த விளக்கு, எந்த மணி நேரம் என்பது ஒட்டோமான் காலத்தில் முடிவாகி, 1852இல் சுல்தானின் ஆணையால் உறுதிசெய்யப்பட்டது; இன்றும் அதுவே சட்டம். நம் ஊரில் அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட பழைய வீட்டில், பொதுச் சுவருக்கு யார் வெள்ளையடிப்பது என்று தீராமல் சுவர் கறுத்துக் கிடக்குமே, அந்தக் கதைதான். ஒரு படியைத் துடைப்பத்தால் கூட்டினால்கூட அந்தப் படி தனக்கு என்று உரிமை கொண்டாடுவதாக அர்த்தமாகிவிடும். வாசலுக்கு மேலே வலப்புற ஜன்னலின் அடியில் ஒரு சின்ன மர ஏணி சாய்ந்திருக்கும், தவறாமல் பார். 18ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே அது இருக்கிறது. அதை எடுக்கும் உரிமை யாருக்கு என்று தீராததால் எடுக்கப்படவில்லை. மாடிக்கு ஏறினால் எத்தியோப்பியத் துறவிகளின் மண் நிறக் குடில்கள் தெரியும். 2002இல் அங்கே காவலிருந்த காப்டிக் துறவி ஒருவர் வெயில் தாங்காமல் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தப்போய் எத்தியோப்பியரோடு கைகலப்பாகி, 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

வாசற்கதவின் சாவியோ எந்தச் சபையிடமும் இல்லை. ஜூதே என்ற இஸ்லாமியக் குடும்பம் சாவியை வைத்திருக்கிறது. நுசைபே என்ற மற்றோர் இஸ்லாமியக் குடும்பம் கதவைத் திறந்து மூடுகிறது. இது சிலுவைப்போர் வீரர்களிடமிருந்து எருசலேமைக் கைப்பற்றிய சுல்தான் சலாவுதீன் காலத்து ஏற்பாடு என்பார்கள். கிறிஸ்தவர்களுக்குத் தலைகுனிவு என்று நம் குழுவில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் ஆறு பேரும் ஒருவரையொருவர் நம்பாத இடத்தில் ஏழாவது ஆள் சாவி வைத்திருப்பது எனக்கு நல்ல புத்தியாகவே பட்டது.

உள்ளே நுழைந்ததும் இயேசுவின் உடலுக்குத் தைலம் பூசியதாகச் சொல்லும் கல் இருக்கிறது. வயதான பெண்மணி ஒருவர் பையிலிருந்த சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கல்லில் தேய்த்து, மடித்து, திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் குனிந்து தன் கைக்குட்டையைத் தேய்த்தாள். நம் சபையில் இந்த வழக்கம் கிடையாதே என்றேன்; சும்மா இருங்கள் என்றாள்.

நம்மைப் போன்ற புராட்டஸ்தாந்தாருக்கு அந்த ஆலயத்தில் ஒரு சாண் இடமும் இல்லை. பழைய நகர மதிலின் தமஸ்கு வாசலுக்கு வெளியே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர்கள் வாங்கிப் பராமரித்துவரும் கல்லறைத் தோட்டத்தில்தான் நாங்கள் திருவிருந்து ஆசரித்தோம். அங்குள்ள கல்லறையே இயேசுவின் கல்லறை என்று சிலர் நம்பினாலும், அது இயேசுவின் காலத்துக்கும் மிகவும் முந்தியது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஆனாலும் உட்கார்ந்து ஜெபிக்க நிழலும் அமைதியும் அங்கேதான் கிடைத்தன.

பள்ளிவாசல் நிற்கும் அந்த மேடைக்கு, உன் தோழி முஸ்லிம் என்பதால் வேறு வாசல்கள் வழியாகப் போகலாம். காவலர்கள் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லச் சொல். மக்காவுக்கு முன்பு இஸ்லாமியர் தொழுகையில் முகம் வைத்த திசை அது. நபிகள் விண்ணேற்றம் சென்ற இடமென்றும் நம்புகிறார்கள். நீ மேற்குச் சுவரருகே உள்ள முக்ராபி வாசல் வழியாக மட்டுமே, வெள்ளி சனி தவிர்த்த நாட்களில், குறித்த நேரத்தில் மட்டுமே போக முடியும். குவிமாடத்துக்குள் அனுமதி இல்லை. வேதப்புத்தகத்தை விடுதியிலேயே வைத்துவிடு, வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பழைய தேவாலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் இருந்த இடத்தை அறியாமல் மிதித்துவிடக் கூடாது என்று யூத ரபிமார் பலர் தம் மக்களை மேலே போகவே வேண்டாம் என்கிறார்கள். போவோம், ஜெபிக்கவும் செய்வோம் என்கிற யூதர்களும் பெருகிவருகிறார்கள். இரத்தம் சிந்தும் சச்சரவுகள் பல அங்கிருந்துதான் மூண்டிருக்கின்றன. எனக்கு அனுமதி இல்லாத கதவுக்கு வெளியே நின்றதில் வருத்தமில்லை. உள்ளே போகும் உரிமையைக் கேட்டுத்தான் அங்கே எல்லாச் சண்டையும் நடக்கிறது.

கட்டாயம் ஒரு வெள்ளிக்கிழமையைச் சேர்த்துத் திட்டமிடு. ஜும்மா முடிந்து ஆயிரக்கணக்கானோர் தமஸ்கு வாசலை நோக்கி வருவார்கள்; பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவிகள் சிலுவைப் பாதையில் பாடிக்கொண்டு போவார்கள்; பொழுது சாயுமுன் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்காகச் சுவரை நோக்கி விரைவார்கள். ஒரே குறுகிய தெருவில் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் விலகிப் போவதை, எள் தூவிய நீள்வளைய ரொட்டி விற்கும் வண்டியருகே நின்று பார்த்தோம். அன்று பிற்பகல் முதல் மறுநாள் மாலைவரை டிராம் ஓடாது. எனவே பழைய நகரத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடு.

ஒலிவமலையில், இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் பதித்த ஆலயம் ஒன்று இருக்கிறது. அதில் தமிழும் உண்டு. அதை முழுவதும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பு. சபை மலரில் போட நம் போதகர் ஐயர் கேட்டிருக்கிறார். தோள் மூடிய உடையும் ஒரு சால்வையும் மறக்காதே.

அன்புடன்,
அப்பா