செகண்ட் பேஸுக்குப் போன பயல்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவி சீரியலில் யார் என்ன புடவை என்பது வரைக்கும் இப்போது சொல்கிறார்.

சின்னவனின் பேஸ்பால் பற்றிக் கேட்டிருந்தாய். ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே, நின்றவனை பி.டி. சார் செகண்ட் பேஸுக்கு மாற்றிவிட்டார். (பேஸ் என்றால் ஓடுகிறவன் வரிசையாகத் தொட வேண்டிய இடம்.) பயலுக்கு முகமே சரியில்லை, பதவி இறக்கிவிட்டார்கள் என்று நினைப்பு. ஷார்ட்ஸ்டாப்புக்குத்தானே நீள எறி, கைதட்டல் எல்லாம்!

ஆனால் இது லேசுப்பட்ட இடமில்லை. ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்தில் இருப்பதால், பந்து நழுவினாலும் பொறுக்கி எறிய நேரம் கிடைக்கும், அதுவரை சரி. சிக்கல் டபுள் பிளேயில், அதாவது ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கும்போது. ஷார்ட்ஸ்டாப் எடுத்துக் கொடுக்கும் பந்தை இவன் ஓடிவந்து, பேஸை மிதித்தபடி வாங்கி, அப்படியே திரும்பி ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய வேண்டும். முன்பெல்லாம் ஓடிவருகிறவன் கண்ணெதிரே வருவான். இப்போது முதுகுப் பக்கம் வருகிறான். காலடிச் சத்தம் கேட்டதும் இவன் கண் பந்தை விட்டுவிடுகிறது. பந்து கிளவுஸ் நுனியில் பட்டுத் தெறிக்கிறது. எறிந்தாலும் பழைய தூரத்துக்குப் பழகிய கை, ஃபர்ஸ்ட் பேஸ் பையன் தலைக்கு மேலே போய்விடுகிறது.

சார் இப்போது கிளவுஸைக் கழற்றிவிட்டு, தட்டைப் பலகை ஒன்றைக் கையில் மாட்டிவிடுகிறார். பலகையில் பந்து நிற்காதே, அடுத்த கையும் தானாக வந்தாக வேண்டும். பந்தைச் சட்டென்று எறிகிற கைக்கு மாற்ற நல்ல பழக்கம்.

எதிரணிக்காரன் பன்ட் வைத்தால், அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிட்டால், ஃபர்ஸ்ட் பேஸ் பையன் முன்னால் பாய்வான். காலியான பேஸுக்கு இவன்தான் ஓட வேண்டும். பந்தே வராத ஓட்டமும் உண்டு. இதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்ததே இதுதான்.

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் கதையைச் சொன்னேன். 1945-ல் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் ஷார்ட்ஸ்டாப், 1947-ல் டாட்ஜர்ஸ் அணியில் ஃபர்ஸ்ட் பேஸ், 1948-ல் செகண்ட் பேஸ், அடுத்த வருடமே லீகின் சிறந்த வீரர். "அவருக்கு யாரும் பலகை மாட்டலையே" என்கிறான்! என்னத்தைச் சொல்ல?

ஐப்பசி மழை பிடித்தால் மைதானம் குளமாகிவிடும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. ஸ்லிப்பில் நின்று பிடித்தவன் நீ, பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே என்று நீ சொன்னால் கேட்பான். அப்பன் பேச்சு எடுபடவில்லை.

அன்புடன்,
உன் பழைய விக்கெட் கீப்பர்