மாடி ரூம் கரண்ட் விஷயமாக

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். மாடி ரூமில் எதைப் போட்டாலும் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) விழுந்து ஆஃப் ஆகிறது என்று நீ போனில் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்தேன். பதிலை எழுதியே அனுப்புகிறேன், வயர்மேனிடம் காட்ட உனக்கும் வசதி.

"இ.எல்.சி.பி. ஒரே தொல்லை சார், எடுத்துட்டு நேரா கொடுத்துடலாம்" என்றாராமே வயர்மேன், அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதே. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழுவதைக் கழற்றிவிட்டு 100-க்கு விழுவதைப் போடுகிறேன் என்றாலும் வேண்டாம். 30 என்பது ஆள் உயிருக்காக வைத்த அளவு. பேத்தி ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிற வீடு அது.

இப்போது உன் கேஸுக்கு வருகிறேன். விழுவது எம்.சி.பி. (ஷார்ட்டுக்கும் அதிக லோடுக்கும் விழுகிற சுவிட்ச்) இல்லை, இ.எல்.சி.பி. மட்டும்தான் என்றாய். பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஷார்ட் என்றால் எம்.சி.பி. போட்ட நொடியில் அடித்து விழும். லோடு அதிகம் என்றால் சூடேறிக் கொஞ்ச நேரம் கழித்து விழும். இ.எல்.சி.பி.க்கு இந்த இரண்டும் கணக்கே இல்லை. பேஸ் வயரில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரல் வயர் வழியாகத் தன்னிடமே திரும்பி வந்ததா என்று மட்டும்தான் அது பார்க்கும். குறைந்தால் விழும்.

மாடி ரூமில் டியூப் லைட் போட்டால் விழுகிறது, ஃபேன் போட்டால் விழுகிறது, அயர்ன் பாக்ஸ் சொருகினாலும் விழுகிறது. ஆனால் அரை வாட் நைட் லாம்ப் மட்டும் இரவு முழுக்க எரிகிறது என்று மருமகள் சொன்னாள் பார், அதுதான் எனக்கு வேண்டிய தகவல். டியூபிலோ ஃபேனிலோ கோளாறு என்றால் ஏதாவது ஒன்றுக்குத்தான் விழ வேண்டும், எல்லாவற்றுக்கும் விழாது. 20 வாட் டியூப் 230 வோல்ட்டில் 87 மில்லியாம்பியர் இழுக்கும். அரை வாட் பல்பு சுமார் இரண்டுதான். ஆக அந்த ரூமுக்குப் போகிற கரண்ட் முழுவதும் வேறு வழியாகத் திரும்புகிறது. நைட் லாம்ப் ரொம்பக் கொஞ்சமாக இழுப்பதால் தப்பிக்கிறது.

வேறு வழி எது? நீ அனுப்பிய டி.பி. (லைன்கள் பிரிகிற பெட்டி) படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்வெர்ட்டர் லைன் இ.எல்.சி.பி.க்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. மாடிக்குப் பேஸை டி.பி.யிலிருந்து இழுத்தவர், நியூட்ரலைக் கீழிருந்து கொண்டுவரச் சோம்பல்பட்டு, பக்கத்து சுவிட்ச் பாக்ஸில் இருந்த இன்வெர்ட்டர் நியூட்ரலில் முறுக்கி டேப் சுற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். எல்லாம் கறுப்பு வயர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது! ஐ.டி.ஐ.யில் எத்தனை பேட்ச் பிள்ளைகளுக்கு இதையே தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

சோதிக்கிறபோது நீ கை வைக்காதே, அவரை வைத்தே செய். மெயினை ஆஃப் செய்தால் போதாது, இன்வெர்ட்டரையும் நிறுத்தி அதன் அவுட்புட்டைக் கழற்றச் சொல். ஈ.பி. கரண்ட் இல்லை என்று நம்பி இன்வெர்ட்டர் லைனில் அடி வாங்கியவர்கள் நிறைய. டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும். இ.எல்.சி.பி.யும் ஆஃபில் இருக்கட்டும், அது நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும். சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு, மாடி ரூம் நியூட்ரலுக்கும் இன்வெர்ட்டர் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டரில் பஸ்ஸர் அடிக்கிறதா பார்க்கட்டும், இரண்டும் சேர்ந்திருந்தால் அடிக்கும். அடித்து, இ.எல்.சி.பி.யிலிருந்து வருகிற நியூட்ரல் லிங்க்கோடு (நியூட்ரல் வயர்களெல்லாம் சேர்கிற பட்டை) அடிக்காவிட்டால் நான் சொன்னதேதான். அந்த ரூமுக்குத் தனி நியூட்ரல் இழுத்து அந்த லிங்க்கில் முடுக்கினால் போதும்.

அப்படி இல்லையென்றால் எங்கோ நியூட்ரல் எர்த்தில் தொடுகிறது. பாக்ஸ் ஸ்க்ரூ வயரைக் கடித்திருப்பது சகஜம். அந்தக் கோளாறில் மாடி எம்.சி.பி.யை இறக்கினாலும் கீழே கிரைண்டர் போடும்போது விழும், ஏனென்றால் அந்த எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும். உனக்கு அப்படி விழவில்லை என்கிறாய், அதனால் எனக்கு அதில் சந்தேகம் குறைவு. பார்க்கத்தான் வேண்டும் என்றால் நியூட்ரல்களை லிங்க்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) எர்த்தோடு பார்க்கட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற வயர்தான் ஆள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். இன்வெர்ட்டர் லைன் இ.எல்.சி.பி.க்கு வெளியே இருக்கிறது என்றால் அந்த லைட், ஃபேன் எதற்கும் ஷாக் பாதுகாப்பு இல்லை. ஆள் வந்திருக்கும்போதே அதற்கும் தனியாக ஒரு இ.எல்.சி.பி. போட்டுவிடு. செலவைப் பார்க்காதே. போட்ட பிறகு மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார். எர்த் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் டி.பி.யை மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பு. சுவரை உடைக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தால் உடனே எனக்குப் போன் போட்டு அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா