சிவப்புச் சட்டையோடு வரப்போகும் அண்ணாவுக்கு

லெக்சிங்டன், ஜனவரி 30, 2025

அன்புள்ள அண்ணா,

மெசேஜ் பார்த்தேன். சனிக்கிழமை இங்கே நடக்கும் கென்டக்கி-ஆர்கன்சா கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்குமா, வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அன்றைக்கு நைட் ஷிஃப்ட், அவருடைய சீட் உங்களுக்கு. தங்கலாம். அண்ணியையும் அழைத்து வாருங்கள், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

இதை வாட்ஸ்அப்பிலேயே சொல்லி முடித்திருப்பேன். ஆனால் கோடையில் நீங்கள் உங்கள் இணையப் பக்கத்தில், எங்கள் கென்டக்கி கோச்சாக இருந்து உங்கள் ஆர்கன்சாவுக்குப் போன கேலிபாரியைப் பற்றி எழுதியபோது, கடைசியில் "கென்டக்கிக்காரர்களுக்கு நன்றி கிடையாது" என்று ஒரு வரி போட்டீர்கள். நம் இரண்டு பேரையும் தெரிந்த எல்லோரும் அதைப் படித்தார்கள். இங்கே மளிகைக் கடையில் என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் உங்களைத்தானே சொல்லியிருக்கார்?" என்று கேட்டவர்களும் உண்டு. அதனால் பதிலையும் அவர்களே படிக்கட்டும்.

நன்றி இல்லை என்று எப்படி அண்ணா சொன்னீர்கள்? 2011 ஆகஸ்டில் ஏர்போர்ட்டிலிருந்து என்னை அழைத்து வந்தவர் நீங்கள். கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அடுத்த ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் தேசிய இறுதியாட்டத்தில் கேன்சஸை 67-59 என்று ஜெயித்தபோது, நம் ஆந்தனி டேவிஸ் போட்ட 10 ஷாட்டில் ஒன்றுதான் உள்ளே போனது, ஆனாலும் 16 ரீபவுண்டும் 6 பிளாக்கும் எடுத்து அந்த ஆட்டத்தையே தன் கையில் வைத்திருந்தார் என்று உங்களுக்கு நானே எடுத்துச் சொல்லும் அளவுக்கு வந்திருந்தேன். கொண்டாட்டத்தில் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் சோஃபாக்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். தூரத்தில் நின்று அந்தப் புகையைப் பார்த்தோம். ஊரைவிட்டு வந்த முதல் வருடத்தில், இது என் ஊர் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். அதைக் கொடுத்தவர் கேலிபாரி. அதை மறப்பேனா?

கோர்ட்டுக்கு வெளியே அவர் செய்ததும் தெரியும். ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். 2022இல் கிழக்கு கென்டக்கி வெள்ளத்தில் மூழ்கியபோது, அக்டோபரில் அணியைப் பைக்வில்லுக்குக் கூட்டிப்போய் நிவாரணத்துக்காக ஆடவைத்தார். ஷிஃப்ட் முடிந்த கையோடு, குளிக்கக்கூட வீட்டுக்குப் போகாமல், முகமெல்லாம் நிலக்கரித் தூளோடு மகனைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த அந்தச் சுரங்கத் தொழிலாளியின் படம் ஞாபகம் இருக்கிறதா? கேலிபாரிதான் அதை எல்லோருக்கும் பகிர்ந்தார். தன் குடும்பமும் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில்தான் தொடங்கியது என்று எழுதினார். அந்தக் குடும்பத்தை நம் ஆடுகளமான ரப் அரீனாவுக்கு விருந்தாளியாகக் கூப்பிட்டார். அது நடிப்பு என்று இங்கே சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தோன்றியதும் இல்லை.

ஆனால் நல்ல மனிதர் என்பதும் நல்ல கோச் என்பதும் வேறு வேறு கணக்கு. இதை எனக்குச் சொன்னதே நீங்கள்தானே. எங்கே சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்தட்டுமா?

2015 ஏப்ரல் 4, சனிக்கிழமை ராத்திரி. உங்கள் பழைய அபார்ட்மெண்ட். சோஃபாவில் இடமில்லாமல் பாதிப் பேர் கார்ப்பெட்டில். அண்ணி பெரிய குக்கரில் தக்காளி சாதம் செய்திருந்தார். யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. 38 ஆட்டம் ஆடி 38ம் ஜெயித்திருந்தோம். பட்டத்துக்கு இன்னும் இரண்டே இரண்டு. ஆறரை நிமிடம் இருக்கும்போது விஸ்கான்சினைவிட 60-56 என்று முன்னால் இருந்தோம்.

அப்புறம்தான் அது நடந்தது. பந்தைத் தட்டிக்கொண்டே வெளியே நின்றார்கள். ஷாட் எடுக்க இருந்த 35 நொடியும் ஓடி ஷாட் கிளாக் அலறியது, பந்து எதிரணிக்கு. அடுத்த முறையும் அதே மாதிரி. அதற்கடுத்த முறையும். அடுத்தடுத்து மூன்று முறை, ஒழுங்கான ஒரு ஷாட்கூட இல்லாமல் பந்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். நீங்கள் டிவிக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, "டவுன்ஸுக்குப் போடுடா, உள்ளே போடுடா" என்று கத்தினீர்கள். உங்கள் கையில் இருந்த காபி டம்ளர் ஆடி, காபி கார்ப்பெட்டில் சிந்தியது. நீங்கள் கவனிக்கவில்லை, அண்ணி துணி எடுத்து வந்து உங்கள் முழங்காலைச் சுற்றித் துடைத்தார். நடுவில் விஸ்கான்சினுக்கு ஷாட் கிளாக் முடிந்த பிறகு போட்ட கூடையை எண்ணிக்கொண்டார்கள், 60-60. அதற்காக நடுவரைத் திட்டாத ஒரே ஆள் நீங்கள். பிறகு அவர்களுடைய டெக்கர் பின்னால் ஓர் அடி வைத்துப் போட்ட த்ரீ, மூன்று புள்ளி ஷாட். 71-64. முடிந்தது.

எல்லோரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். நீங்கள் பால்கனியில் நின்றீர்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வந்தேன். நீங்கள் திரும்பாமலேயே சொன்னீர்கள்: "அவர் பசங்களை நம்பலம்மா. நம்பியிருந்தா ஓடவிட்டிருப்பார். முன்னால இருக்கும்போது பயந்துட்டார்."

அந்தத் தீர்ப்பைச் சொன்னது நீங்கள் அண்ணா. நான் இல்லை. அன்றைக்கு நான்தான் அவருக்காக வாதாடினேன். ஒரே ஓர் ஆட்டம்தானே, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. அதற்குப் பிறகு ஒரு ஃபைனல் ஃபோர், அதாவது தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகளில் ஓர் இடம், கிடையாது. 2019க்குப் பிறகு அவர் இருந்தவரை அந்தத் தேசியத் தொடரில் மொத்தமே ஒரு வெற்றி. 9-16 என்று முடிந்த சீசனைக் கோவிட் கணக்கில் தள்ளிவிட்டேன். செயின்ட் பீட்டர்ஸிடம் தோற்றதை ஏதோ விபத்து என்று எடுத்துக்கொண்டேன். 2024இல் ஓக்லண்டிடம் தோற்றது விபத்து இல்லை. அவர்களுடைய ஜாக் கோல்கி அந்த சீசன் முழுக்கப் போட்டதெல்லாம் அநேகமாக த்ரீதான், வேறு எதுவும் போடமாட்டார். அதைத் தெரிந்துகொண்டும் 10 த்ரீ போடவிட்டோம். நம் ரீட் ஷெப்பர்டும் டில்லிங்ஹாமும் அதே வருட என்பிஏ டிராஃப்டில் 3ஆவதாகவும் 8ஆவதாகவும் போனார்கள். அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த அணி தொடரில் 14ஆம் தரவரிசையில் இருந்த அணியிடம் 80-76 என்று தோற்றது. ஆட்டம் மாறிவிட்டது. வயதில் பெரிய, அனுபவமுள்ள பையன்களை வைத்து மற்றவர்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். அவர் 2010இல் வெற்றி தந்த வழியையே பிடித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "அவருக்கு முன்னால கோச்சா இருந்த கில்லிஸ்பி காலத்தை நீ பார்க்கல." சரி, பார்க்கவில்லை. கேலிபாரிக்கு இங்கே 410 வெற்றி, 123 தோல்வி, நான்கு ஃபைனல் ஃபோர், ஒரு பட்டம், அதையும் மறுக்கவில்லை. தோற்றதற்காக எனக்குக் கோபம் என்றால் 2022லேயே சீசன் டிக்கெட்டை விட்டிருப்பேன்.

என் கோபம் வேறு. 2024 மார்ச் கடைசியில் கென்டக்கியின் விளையாட்டுத் துறைத் தலைவர் பார்ன்ஹார்ட்டோடு டிவியில் உட்கார்ந்து, அடுத்த வருடமும் நான்தான் என்றார். நம்பினேன். ஏப்ரல் 7, ஞாயிறு ராத்திரி ஆர்கன்சா என்று செய்தி கசிந்தது. 9ஆம் தேதி ஒரு வீடியோ. இந்த அணிக்கு இன்னொரு குரல் தேவை என்று அதில் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அதை ரப் அரீனாவில் வந்து நின்று சொல்லியிருக்கலாமே? 15 வருடம் அவருக்காகத் தொண்டை வறளக் கத்தியவர்களுக்கு எதிரில் ஓர் ஐந்து நிமிடம். யாரும் அவரை அடித்திருக்க மாட்டார்கள். அழுதிருப்பார்கள், நானும்தான். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, புதிய கோச் மார்க் போப்பை அறிமுகம் செய்யும் கூட்டத்துக்கு அரீனா நிரம்பி வழிந்தது. அங்கே ஆட்டம்கூடக் கிடையாது. மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அந்தக் கூட்டத்தில் பாதி உற்சாகம், பாதி அடிபட்ட வலி. உங்களுக்கு அது புரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

2009இல் அவர் மெம்பிஸை விட்டு இங்கே வந்தபோது, அங்கே இருந்தவர்கள் எப்படிக் கொதித்தார்கள் என்று நீங்கள்தான் எனக்குக் கதை சொல்லியிருக்கிறீர்கள். சொல்லும்போது சிரித்தீர்கள். அவர்களைப் பற்றி இப்போது நிறைய நினைக்கிறேன்.

நீங்கள் கூப்பிட்டது ஆர்கன்சா செய்தி கசிந்த அந்த ஞாயிறு ராத்திரி. போனை எடுக்காததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளுக்கும். ஆனால் எடுத்திருந்தால் என்ன பேசியிருப்பீர்கள் என்று உங்கள் வாய்ஸ் மெசேஜிலேயே இருந்தது. "பார்த்தியா, கோச்சும் இங்கேயே வரார்!" அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். நீங்கள் இருக்கும் பென்டன்வில்லிலிருந்து அரை மணி நேரத்தில் ஆர்கன்சாவின் பட் வால்டன் அரீனா, வாராவாரம் போகலாம் என்றீர்கள். நான் அந்த நேரத்தில் கிச்சனில் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஒரு கோச்சுக்காக இவ்வளவு அழுகையா என்று இவர் கேட்டார். கோச்சுக்காக மட்டும் இல்லை என்று நான் சொல்லவில்லை.

இதைக் கவனமாக எழுதுகிறேன், நிறைய பேர் படிப்பார்கள். நீங்கள் ஊர் மாறியதன் காரணம் எனக்குத் தெரியும். நல்ல வேலை, அதற்கும் மேலே ஒன்று, அதை இங்கே சொல்ல மாட்டேன். போனது சரிதான். யார் என்னிடம் கேட்டாலும் சரிதான் என்றே சொல்லி வருகிறேன். ஆனால் வீட்டை விற்ற விஷயம் எனக்கு மூன்றாம் மனிதர் மூலமாகத் தெரிந்தது. பொங்கல் விழாவில், பாயசத்துக்கு வரிசையில் நிற்கும்போது. எனக்கு முன்பே தெரியும் என்பது போல் தலையாட்டினேன். கோயிலுக்கு, பிரசவத்துக்கு, அப்பா தவறிய அன்று ஏர்போர்ட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் என் கூட வந்தவர் நீங்கள். உங்களுக்கு நான் செய்தது கொஞ்சம். அந்தக் கணக்கில் எனக்குக் கேட்க உரிமை இல்லை என்று சிலர் நினைக்கலாம். உரிமை இருப்பதால்தான் கேட்கிறேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

உங்கள் ஆர்கன்சா, நம் இரண்டு அணிகளும் ஆடும் எஸ்இசி லீகில் 1 வெற்றி, 6 தோல்வி. ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அவருக்கு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும் தெரியும், வாக்னரும் தியெரோவும் இவிசிச்சும் போன வருடம் வரை நம் பையன்கள். நாமோ செவ்வாய்க்கிழமைதான் நாக்ஸ்வில்லில் டென்னசியை ஜெயித்துவிட்டு வந்திருக்கிறோம், அந்த மிதப்பில் அசந்துவிடக்கூடாது. போப்பின் பையன்கள் அநேகமாக எல்லோருமே போன வசந்தத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்கள். கேலிபாரி மேல் அவர்களுக்குத் தனிப்பட்ட கோபமில்லை, அந்தக் கோபத்தையெல்லாம் நாங்கள்தான் சுமந்துகொண்டு உள்ளே போகிறோம்.

பெயரைச் சொன்னதும் "பூ" என்று பெரிய சத்தம் எழும். காது அடைக்கும். முன்பு நம் கோச்சாக இருந்து, 2001இல் எதிரணி லூயிவில்லின் கோச்சாக இங்கே வந்த பிட்டினோவுக்கும் அதுதான் நடந்தது. போன அக்டோபரில் அதே பிட்டினோ நம் சீசன் தொடக்க விழாவான பிக் ப்ளூ மேட்னஸுக்கு வந்தபோது அதே அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கேலிபாரிக்கும் ஒரு நாள் அது நடக்கும். நான் அதுவரை காத்திருக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

எழுந்து நிற்பேன், கைதட்டுவேன். நியூ ஆர்லியன்ஸுக்காக, பைக்வில்லுக்காக. என் வரிசையில் உட்காருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு என் மேல் கோபப்பட்டால் படட்டும். பந்தை மேலே எறிந்ததும் அவர் எங்களுக்கு எதிரணி கோச், அவ்வளவுதான். முப்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று கத்துவேன், அப்போது உங்கள் ஆர்கன்சா சிவப்புச் சட்டையைப் பார்க்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். வண்டி எடுப்பதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் இருக்கட்டும், அவரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் புகழ்ந்துகொள்ளுங்கள்.

ஆட்டம் ராத்திரி 9 மணிக்கு, எங்கள் நேரம். உங்களுக்கு 8 என்பதை மறந்துவிடாதீர்கள். பத்து மணி நேரம் ஓட்ட வேண்டும், விடியற்காலையிலேயே கிளம்புங்கள். ஹை ஸ்ட்ரீட் பக்கம் பார்க்கிங் கிடைக்காது, வண்டியை நம் வீட்டிலேயே விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நான் எழுவதற்கு முன் புறப்படுகிற வேலை வேண்டாம். இட்லிக்கு மாவு அரைத்து வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை